அறுபது மீட்டர் வேலி

1999 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, தெற்கு அந்தமானில் மூன்று பக்கமும் காடு சூழ்ந்த ஒரு குடாவில் நங்கூரமிட்டிருந்த ‘மீன்கொத்தி’ என்ற பாய்மரப் படகு, நானூறு மீட்டர் தள்ளியிருந்த பவளப் பாறையில் மோதி உடைந்தது. படகில் மூன்று பேர் இருந்தார்கள். சொந்தக்காரர் சேலம் ரமேஷ்குமாரும் வேலையாள் ராசப்பனும் கரை சேர்ந்தார்கள். இன்னொரு வேலையாள் மாணிக்கம் இறந்தார். நங்கூரச் சங்கிலியை ஆழத்துக்குத் தக்கபடி விடாமல், சோம்பலால் பதினைந்து மீட்டரோடு மாணிக்கம் நிறுத்திவிட்டதே விபத்துக்குக் காரணம் என்றது போலீஸ் அறிக்கை.

ஒரு வருஷமும் பத்து மாதமும் கழித்து, மாசி அமாவாசையன்று காலை எட்டரை மணிக்கு, கொல்லிமலையின் எழுபதாவது கொண்டை ஊசி வளைவில் தஸ்லீம் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

“எண்ணுனீங்களா சார்? எழுபது. எங்க அத்தா ஜவுளிக் கடையில உக்காந்து துணி கிழிச்சிருந்தா இந்நேரம் ரெண்டாவது டீ வந்திருக்கும். இங்க குடிக்கத் தண்ணிகூட இல்ல.”

“கிழிக்க வேண்டாம்னு நான் சொன்னனா?” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, சேலத்தில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். தஸ்லீம் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தவள். மாதேஸ்வரனுக்கு வண்டி ஓட்ட வராது என்பதால் இரண்டு வருஷத்தில் உதவித் துப்பறிவாளராகப் பதவி உயர்ந்திருந்தாள்.

அவர்களை வரச் சொன்னவள் கண்ணாயி. மாணிக்கத்தின் மனைவி. மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊர்ப் பகுதியில், ஒரு மிளகுத் தோட்டத்தில், நீல நைலான் கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்து, கொடிகளை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

“வாங்க. பேரு கெடச்சுதுங்களா?”

“இன்னும் இல்லீங்க,” என்றார் மாதேஸ்வரன்.

“அப்ப மூனரை மணி நேரந்தான் இருக்குது.”

வீட்டுச் சுவரில் புதிதாக அடித்த வேல் ஒன்று சாய்ந்திருந்தது. தஸ்லீம் அதைப் பார்ப்பதைக் கண்டு கண்ணாயி சொன்னாள்.

“திருப்புலி நாட்டுல பாறை மேல கருப்பு இருக்கறாரு கண்ணு. அநியாயம் நடந்தவங்க அமாவாசை உச்சிப் பொழுதுக்கு அங்க இரும்பு நடோணும். அநியாயம் செஞ்சவன் பேரைச் சீட்டுல எழுதி அதுல கட்டோணும். ஒரு இரும்பு, ஒரு சீட்டு, ஒரே பேரு. அப்பறம் அவரு பாத்துக்குவாரு.”

“சந்தேகப் பேரு எழுதுனா?”

“தப்பான பேருன்னா எழுதுனவ தலையிலயே திரும்பீரும். அதுக்குத்தான் உங்களைக் கூப்புட்டது. எனக்கு ரமேஷ்குமாரு மேலதான். ஆனா உச்சிக்குள்ள நீங்க வல்லீன்னா அந்தப் பேரையே எழுதிக் கட்டீருவேன். திரும்புனா திரும்பட்டும்.”

“அடுத்த அமாவாசைக்குக் கட்டக் கூடாதுங்களா?”

கண்ணாயி அரிவாளைக் கீழே வைத்தாள். “எம்புருசன் செத்ததுக்கு அழுது முடிச்சிட்டேனுங்க. செத்தவனைச் சோம்பேறின்னு எழுதி வெச்சிருக்கறாங்க பாருங்க, அதுக்குத்தான் எனக்கு ஒரு தலை வேணும். மழை வந்தா மாட்டைக் கட்டிப்போட்டுட்டு, ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பாரு அந்த மனுசன். அவரைக் கொன்ன நங்கூரத்தைப் போன மார்கழில லாரி வெச்சுக் கொண்டாந்து பங்களா வாசல்ல அழகுக்கு நிறுத்தியிருக்கறான். பஸ்ஸுல போறப்பெல்லாம் பாக்கறேன். ரெண்டு வருசம் பொறுத்தது போதுங்க.”

மாதேஸ்வரன் அவள் கட்டி முடித்த கொடியைக் குனிந்து பார்த்தார். “இதென்னங்க, முடிச்சுல ரெண்டு கண்ணி இருக்கு?”

“எங்கம்மா ஊட்டுப் பக்கத்து முடிச்சுங்க. கொடி தடிச்சா விட்டுக் குடுக்கும், ஆனா அவுறாது. இந்தப் பக்கம் எல்லாரும் ஒத்தைக் கண்ணிதான் போடுவாங்க. எம்புருசனுக்கு நாந்தான் கத்துக் குடுத்தேன்.”

மாதேஸ்வரன் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

ரமேஷ்குமாரின் பங்களா திண்ணனூர் நாட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது. வாசலில், சிமெண்ட் மேடையில், இடுப்பு உயரத்துக்கு அந்த நங்கூரம் நின்றது. அதன் வளையத்திலிருந்து புறப்பட்ட துருப்பிடித்த சங்கிலி, வெள்ளையடித்த குட்டைத் தூண்கள் மேல் தொங்கித் தொங்கிப் போர்ட்டிகோ வரைக்கும் வேலியாகப் போயிருந்தது.

மாதேஸ்வரன் பாக்கெட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பொய் சொல்லும்போது மட்டும்தான் அவர் கண்ணாடி போடுவார்.

“வாரப் பத்திரிகையிலிருந்து வர்றோம் சார். கடல் பயணத்தைப் பத்தி ஒரு தொடர். இவங்க போட்டோ எடுக்கறவங்க.”

ரமேஷ்குமார் மகிழ்ந்து போனார். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, கேட்காததையும் சொன்னார். நங்கூரம் போடுவதென்றால் கல்லைத் தூக்கிக் கிணற்றில் போடுகிற வேலை என்று ஜனங்கள் நினைப்பதாக வருத்தப்பட்டார்.

“மூணு பக்கம் அடைப்பா இருக்கற இடம் பாக்கணும். அடியில மணலா இருக்கணும், பாறைன்னா பிடிக்காது. படகு மூக்கைக் காத்துக்கு நேரா நிறுத்தி, நங்கூரத்தை மெதுவா இறக்கணும். காத்து படகைப் பின்னால தள்ளத் தள்ள, சங்கிலியை விட்டுட்டே வரணும். அப்புறம் இன்ஜினை ரிவர்ஸ்ல போட்டு ஒரு இழுவை. நங்கூரம் மணலைக் கடிச்சுக்கும். கடைசியா, கரையில ரெண்டு மரத்தை ஒரே கோட்டுல வெச்சுப் பாத்துக்கணும். கோடு கலைஞ்சா படகு நகருதுன்னு அர்த்தம்.”

“சங்கிலி எவ்வளவு விடணும் சார்?”

“ஆழத்தைப் போல அஞ்சு மடங்காவது. சங்கிலி அடியில படுத்துக் கெடந்தாத்தான் பிடிப்பு. குட்டையா விட்டா மேல் பக்கமா இழுத்து நங்கூரத்தைப் பிடுங்கிரும்.”

“ஆடு மாதிரிங்க,” என்றாள் தஸ்லீம். “கயித்தை நீளமா கட்டுனா கம்முனு மேயும். குட்டையா கட்டுனா முளைக்குச்சியோட ஓடிரும்.”

ரமேஷ்குமார் சிரிக்கவில்லை. “அங்க எட்டு மீட்டர் ஆழம். நாப்பது மீட்டராவது விட்டிருக்கணும். மாணிக்கம் விட்டது பதினஞ்சு. தூக்கக் கலக்கம். அவன் உசுரும் போச்சு, என் படகும் போச்சு.”

“அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“கேபின்ல தூங்கிட்டிருந்தேன். ராசப்பனும் தூக்கம். பாறையில மோதுன பிறகுதான் முழிச்சோம்.”

“நங்கூரம் எப்படித் திரும்பக் கெடச்சுது?”

“டிசம்பர்ல முக்குளிக்கப் போனவங்க கண்டுபிடிச்சாங்க. குடாவுக்கு நட்டநடுவுல, நாங்க போட்ட இடத்துலயே, ஒன்றரை அடி மணலுக்குள்ள. படகு பேர் பொறிச்சிருந்ததால எனக்குத் தகவல் வந்துச்சு. ஒரு நினைவுக்கு இருக்கட்டும்னு சங்கிலியோட கொண்டாந்துட்டேன்.”

பத்து மணிக்கு அவர் நாமக்கல்லுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. “ராசப்பன் இருப்பான், வேணுங்கற போட்டோ எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் சத்தம் அடங்கியதும் மாதேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். “தஸ்லீம், இந்த வேலியை ஓரமா நடந்து எண்ணு.”

அவள் வாசலிலிருந்து போர்ட்டிகோ வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். “எண்பது எட்டு. ஒரு எட்டுக்கு ரெண்டரை அடி.”

“இருநூறு அடி. அறுபது மீட்டர்.”

“பதினஞ்சு மீட்டர்னாரு?”

“அவரு சொன்னாரு. சங்கிலி வேற சொல்லுது. வளையத்தைத் தொட்டுப் பாரு.”

துருவின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி ஒட்டியிருந்தது. முதல் தூணில், பத்தாவது தூணில், போர்ட்டிகோவுக்குப் பக்கத்துக் கடைசித் தூணில், எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது. தஸ்லீம் நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

“பதினஞ்சு மீட்டர்தான் கடலுக்குள்ள விட்டிருந்தா, மிச்சச் சங்கிலி படகோட போய்ப் பாறையில கெடந்திருக்கும்,” என்றார் மாதேஸ்வரன். “இது மொத்தமும் நங்கூரத்தோடயே இருபது மாசம் ஒரே இடத்துல கெடந்திருக்கு. மாணிக்கம் அறுபது மீட்டரும் விட்டிருக்காரு. நங்கூரமும் கடிச்ச கடியை விடல.”

“அப்ப படகு மட்டும் எப்படிங்க நானூறு மீட்டர் போச்சு?”

“இழுத்துட்டுப் போகல. விட்டுட்டுப் போச்சு. யாரோ படகுல இருந்து சங்கிலியைக் கழட்டி விட்டிருக்காங்க.”

“கொன்னுட்டு, கொன்ன சாமானை வேலியா போட்டுக்கிட்டானா மனுசன்? என்ன தைரியம் சார்!”

“இந்த மலையில சங்கிலி படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் செத்துட்டாருங்கற தைரியம்.”

தஸ்லீம் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. “அப்பறம் என்னங்க? ரமேஷ்குமார்தான். வண்டியை எடுக்கறேன்.”

“இரு. கடைசி வளையத்தைப் பாக்காம போகக் கூடாது.”

கடைசி வளையம் ஒரு ஆணியில் மாட்டியிருந்தது. சங்கிலியைப் படகோடு பிணைத்திருந்த தடித்த கயிற்றின் ஒரு சாண் மிச்சம் அதில் தொங்கியது. நுனி பிய்ந்திருக்கவில்லை, கத்தியால் ஒரே வெட்டாக அறுத்திருந்தது. அதன் பக்கத்தில் அதே வளையத்தில், பாசி படிந்த ஒரு மெல்லிய நைலான் கயிறு கட்டியிருந்தது. தஸ்லீம் பாசியைத் துடைத்தாள். நீலம். முடிச்சில் இரண்டு கண்ணி.

“சார்...”

“ம்.”

“இது காலையில பாத்த முடிச்சு. அறுத்தது மாணிக்கமா?”

“அறுக்கறதுக்கு முன்னால வளையத்துல கயிறு கட்டியிருக்காரு. இன்னொரு முனையில ஏதாவது மிதக்கற சாமான் இருந்திருக்கும். இப்படி ஒரு மிதவை கட்டியிருந்தா, விட்ட சங்கிலி எங்க கெடக்குதுன்னு அப்புறம் தெரியும். தூக்கக் கலக்கத்துல இருக்கறவன் இதைச் செய்ய மாட்டான். நல்லா முழிச்சிருந்து, யோசிச்சு, தன் படகைத் தானே அவுத்து விட்டிருக்காரு.”

“எதுக்கு?”

“அது தெரிஞ்சா பேரு தெரியும்.”

தஸ்லீமுக்குத் தொண்டை வறண்டிருந்தது. வாசல் பக்கத்துத் தகரக் குடிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏனுங்க அண்ணா, ஒரு சொம்பு தண்ணி கெடைக்குங்களா?”

காவல்கார ராசப்பன் இடது காலை இழுத்து இழுத்து வந்தான். முப்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் கேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொம்பில் ஊற்றினான். வேட்டி விலகிய இடத்தில், கணுக்காலுக்கு மேலே, முட்டை வடிவத்தில் மூன்று தழும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

“காலுக்கு என்னாச்சுங்க?”

“லாரி ஏறிருச்சுங்க.”

தஸ்லீம் குடிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேனைப் பிடித்தாள். கேனின் கைப்பிடியில் ஒரு முழம் நீலக் கயிறு, வெளுத்துப்போய்த் தொங்கியது. அதிலும் இரண்டு கண்ணி.

“லாரிக்குச் சங்கிலியிலயா டயர் போட்டிருந்தாங்க?” என்றாள்.

ராசப்பன் எழுந்திருக்கப் பார்த்தான். மாதேஸ்வரன் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“தம்பி, பாறையில மோதற வரைக்கும் படகுல தூங்கிட்டிருந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இந்தக் கேன் அப்போ குடா நடுவுல மிதந்துட்டிருந்துச்சு. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

“கரையில ஒதுங்குச்சுங்க.”

“கயித்தோட இந்த முனை கத்தியால அறுத்தது. யாரு அறுத்தாங்க?”

ராசப்பன் கேனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“இந்தத் துண்டையாவது அவுத்துப் போட்டிருக்கலாமே?”

“அவுறலீங்க,” என்றான் ராசப்பன். “எத்தனையோ தடவ பாத்துட்டேன்.”

பிறகு அவனாகவே பேசினான். அன்றைக்குக் காலையில் காற்று மாறி, குடாவின் திறந்த பக்கத்திலிருந்து அடித்தது. ரமேஷ்குமார் உடனே கிளம்ப வேண்டும் என்றார். சங்கிலி அடியில் ஒரு பாறைத் திட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

“‘எறங்கி எடுத்து உடுறா’ன்னாரு மொதலாளி. மாணிக்கண்ணன் வேண்டாம்னாரு, காத்து அடங்கட்டும்னாரு. மொதலாளி கேக்கல. நான் எறங்கறப்ப அண்ணன் இந்தக் கேனைக் கட்டிட்டு உக்காந்திருந்தாரு. எதுக்குண்ணான்னேன். ‘உனக்குத்தான்டா’ன்னாரு. அடியில போனா, படகு அலையில தூக்கிப் போட்டதுல சங்கிலி வெறைச்சுப் பாறையோட என் காலை நசுக்கிருச்சுங்க. மூச்சு முடியற நேரத்துல, அண்ணன் மேல அறுத்து உட்டதுல, பொத்துனு தளந்துச்சு. மேல வந்தா படகு இல்ல. இந்தக் கேன் மட்டும் மெதக்குது. அதைப் புடிச்சுட்டுத்தான் கயித்தை அறுத்துட்டுக் கரைக்கு வந்தேன். படகு பாறையில கெடந்துச்சு. அண்ணன் அதுக்கு அடியில...”

“பதினஞ்சு மீட்டர்னு யாரு சொன்னது?”

“மொதலாளி. அந்தக் காத்துல ஆளை எறக்குனது தெரிஞ்சா தம்மேல கேஸ் வரும்னாரு. செத்தவனுக்கு இனி என்ன ஆவப் போவுதுன்னாரு. நானும் கையெழுத்துப் போட்டேன். மறு மாசம் இந்த வேலையைக் குடுத்தாரு.”

தஸ்லீம் அவனையே பார்த்தாள். “கண்ணாயக்கா இன்னைக்கு உச்சிக்கு மொதலாளி பேரைக் கருப்புக்குக் கட்டப் போறாங்க. தப்புன்னா அவங்க தலையிலயே விடியும்னு தெரியுமில்ல உங்களுக்கு?”

ராசப்பனின் கையிலிருந்த கேன் சாய்ந்து தண்ணீர் மண்ணில் ஓடியது. அவன் எழுந்து வாசலுக்குப் போனான். சங்கிலியை நங்கூரத்தோடு சேர்த்த கொளுத்தைத் திருகிக் கழற்றினான். இருபத்தைந்து கிலோ இரும்பைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டான்.

“நானும் வாரேன்,” என்றான்.

“மூனு பேரும் ஒரு நங்கூரமும் என் ஸ்கூட்டர்ல போனா, வண்டி பேரையும் சேத்துச் சீட்டுல எழுத வேண்டியதுதான்,” என்றாள் தஸ்லீம்.

“நான் வரல,” என்றார் மாதேஸ்வரன். “சங்கிலி சாட்சி. வி.ஏ.ஓ. வர்ற வரைக்கும் அதுக்கு நான் காவல். நீ போய் அந்தம்மாகிட்ட நடந்ததை மட்டும் சொல்லு. பேரு எதையும் சொல்லாத. அது அவங்களோடது.”

பாறைக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி பதினொன்று ஐம்பது. ராசப்பன் நங்கூரத்தோடு படியேறினான். இரண்டு இடத்தில் முழங்கால் மடங்கியது. தஸ்லீம் கைகொடுக்கப் போனாள், அவன் வாங்கவில்லை.

மேலே முந்நூறு நானூறு வேல்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றிலும் மடித்த காகிதம் கட்டியிருந்தது. கண்ணாயி ஒரு ஓரத்தில் குழி தோண்டி முடித்திருந்தாள். சீட்டு அவள் கையில் இருந்தது. ராசப்பனின் தோளில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

“யாரைக் கேட்டுடா அதை இங்க கொண்டாந்தே?”

“நான் சொல்றேங்கக்கா,” என்றாள் தஸ்லீம். சொன்னாள். வேலியின் நீளம், சிப்பி, இரட்டைக் கண்ணி, கேன், தழும்பு. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கண்ணாயி கடைசிவரை கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உனக்குத்தான்டான்னு சொன்னாரா?”

“ஆமாக்கா,” என்றான் ராசப்பன். நங்கூரம் இன்னும் அவன் தோளிலேயே இருந்தது.

“உனக்குன்னு கட்டிக் குடுத்துட்டுச் செத்தாரு. நீ அவரைச் சோம்பேறின்னு எழுதிக் குடுத்தே. நான் தெனமும் பஸ்ஸுல அந்த வாசலைத் தாண்டிப் போறப்ப, நல்லாருக்கறீங்களாக்கான்னு கேட்டே.”

“எம் பேரையே எழுதிக் கட்டீருங்கக்கா. நான் பொறுத்துக்கறேன்.”

“நீ பொறுத்துக்கறதுக்கு நான் எழுதோணுமா?”

அவள் கையிலிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டாள். மடியிலிருந்து ஒரு புதுத்தாளை எடுத்தாள். பென்சிலோடு சேர்த்து அவன் முன்னால் நீட்டினாள்.

“அங்க இருந்தவன் நீ. நீயே எழுது. தப்பான பேரு எழுதுனா யாரு தலையில திரும்பும்னு உனக்கே தெரியும்.”

“மொதலாளி பேரு...?”

“அவன் பேரை எழுத வேற காயிதம் இருக்குது. அதுலயும் நீதான் கையெழுத்துப் போடுவே. இது கருப்போட காயிதம். எழுதுடா.”

ராசப்பன் நங்கூரத்தைக் குழியில் இறக்கினான். மண்ணைத் தள்ளி மிதித்தான். பாறை மேல் தாளை வைத்துப் பென்சிலைப் பிடித்தான். கண்ணாயி மிளகுக்கொடி கட்டுகிற நீலக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்துத் தயாராக நின்றாள். அவன் எழுதி மடித்துக் கொடுத்ததும் பிரித்துப் படித்தாள். திரும்ப மடித்து நங்கூரத்தில் கட்டினாள். இரண்டு கண்ணி போட்டாள்.

கொண்டுவந்திருந்த புது வேல் அப்படியே கிடக்க, யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

பிப்ரவரி 26, திங்கட்கிழமை, ராசப்பன் போலீஸில் மூன்று பக்க வாக்குமூலம் கொடுத்தான். அறுபது மீட்டர் சங்கிலி அன்றே சாட்சிப் பொருளாக எடுக்கப்பட்டது. ஜூலையில் அந்தமான் போலீஸ் வழக்கை மறுபடி திறந்து, ரமேஷ்குமாரை முதல் எதிரியாகவும் ராசப்பனை இரண்டாம் எதிரியாகவும் சேர்த்தது. புதிய அறிக்கையில் மாணிக்கத்தின் பெயருக்குப் பக்கத்தில் சோம்பல் என்ற சொல் இல்லை. நங்கூரத்தில் கட்டியிருந்த சீட்டில் இருந்தது ராசப்பன் பெயர்.